முள் இறங்கும் நேரம்

கிஷினேவ் நகரில் மூன்று நாள் மழைக்குப் பிறகு இன்று காலைதான் வெயில் வந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தின் ஜன்னலோரத்தில் நகம் அளவு கண்ணாடித் துண்டு ஒன்று அந்த வெயிலில் கிடக்கிறது. லியூபா அதன் மேல் படியவைத்த துத்தநாக ஆக்சைடுப் படலம் மயில்கழுத்து நிறத்தில் மின்னுகிறது. பேட்டரி கிடையாது, வெயிலில் பிறக்கும் மின்சாரத்தைக் கொண்டே அது காற்றில் அம்மோனியாவை மோப்பம் பிடிக்க வேண்டும். பிடித்தும் விட்டது. கூட வேலை செய்யும் கிரிகோரே அம்மோனியாப் புட்டியைத் திறந்து மூடியதுமே மீட்டரின் முள் எழுபதுக்குத் தாவி நிற்கிறது. லியூபாவுக்கு அதில் சந்தோஷமில்லை. இரண்டு வருடமாக எல்லாப் படலங்களும் இந்தக் கட்டம்வரை வந்தவைதான். ஏறிய முள் ஒருமுறைகூட இறங்கியதில்லை. வாயு கலைந்த பிறகும் அபாயம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும் கருவியை, அம்மோனியாவால் குளிரூட்டும் குளிர்பதனக் கிடங்கில் யார் மாட்டுவார்கள்? அவள் மீட்டர் மேல் குனிகிறாள்.

"தள்ளி நில்லு லியூபா. நேத்து நீ தின்ன பூண்டுக்கே அது மயங்கிடும்" என்கிறான் கிரிகோரே.

"வாயை மூடிட்டு முள்ளைப் பாரு."

குழாய் சொட்டுகிறது. வெயில் அவளுடைய மணிக்கட்டுக்கு ஏறுகிறது. முள் லேசாக நடுங்குகிறது. அறுபது. நாற்பது. பிறகு தயக்கமே இல்லாமல் சரிந்து பூஜ்யத்தில் படுக்கிறது. கிரிகோரேயின் காது மடல் சிவந்திருக்கிறது.

"இன்னொரு தடவை திற" என்கிறாள். அவன் திறந்து மூடுகிறான், முள் தாவுகிறது. லியூபா கண்களை இறுக மூடிக்கொள்கிறாள்.

"எனக்குப் பார்க்கத் தைரியமில்ல. நீயே சொல்லு."

"இறங்குது" என்கிறான். "இறங்கிட்டே இருக்கு, லியூபா."

மூடிய கண்களோடு அவள் சிரிக்கிறாள்.