நூற்றுப் பதினேழாம் பக்கத்துக் கீரை

தட்டை அவர் முன் வைத்தேன். பொடியாக நறுக்கிய பச்சை இலை, எண்ணெய், வினிகர், உப்பு.

"உங்க புத்தகத்துல நூத்திப் பதினேழாம் பக்கம், வைத்தியரே," என்றார் எங்கள் எசமானி ஓர்சொலா அம்மா. "படத்தப் பாத்துப் பறிச்ச பார்ஸ்லிக் கீரை. முதல் வாய் உங்களுக்குத்தான்."

விருந்தாளிகள் பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். மருத்துவர் ஒர்தென்சியோவின் முகம் மட்டும் மேசைவிரிப்பின் நிறத்துக்கு மாறியது.

ஏனென்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவருக்கும், சமையல்காரி எனக்கும்.

பதினைந்து வருடம் உழைத்து எழுதிய மூலிகைப் புத்தகம் அது. அதற்காக மலை மலையாக ஏறினார். அதாவது, கழுதை ஏறியது. அவர் மேலே உட்கார்ந்திருந்தார். வேர் பறித்து விற்கும் பெண்களிடம் ஒவ்வொரு செடிக்கும் பெயர் கேட்டார், குணம் கேட்டார். எழுதும்போது 'அறியாப் பெண்கள் இதை இவ்வாறு அழைப்பர்' என்று எழுதினார். உலகம் அறியாத இருபத்து மூன்று செடிகளைக் கண்டுபிடித்தாராம். அத்தனையும் எங்கள் பதுவா ஊர்ச் சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும்.

போன வாரம் அந்தப் புத்தகத்தை எசமானிக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். எசமானி அடுக்களைவரை வந்து, இது ரோஜா, இது பார்ஸ்லி என்று ஒவ்வொரு பக்கமாக எனக்குக் காட்டினார்.

எனக்கு எழுத்துத் தெரியாது. தண்டு தெரியும்.

பார்ஸ்லி என்று அவர் காட்டிய படத்தில் தண்டு முழுக்கப் புள்ளி. அது ஹெம்லாக் என்ற விஷச்செடி. ஓடைக்கரையில் வளரும், இலை பார்க்க பார்ஸ்லி மாதிரியே இருக்கும். தின்றால் முதலில் கால் சில்லிடும். சில்லிப்பு மெல்ல மேலே ஏறும். நெஞ்சுக்கு வந்தால் முடிந்தது.

அவர் கிளம்பும்போது வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னேன். அவசரமாகப் புரட்டினார். ஹெம்லாக் என்று எழுதிய பக்கத்தில் பார்ஸ்லியின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. அச்சுக்கூடத்தில் படக்கட்டைகளை மாற்றி வைத்துவிட்டார்கள். அவருடைய காது சிவந்தது.

"எழுத்தே தெரியாதவ நீ. எனக்குப் படம் சொல்லிக் குடுக்கறியா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அவருக்கு எதிர் நாற்காலியில் மருத்துவர் தீபேரியோ. பல்கலைக்கழகத்தின் மூலிகைத் தோட்டப் பதவி இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரில் ஒருவருக்கு. புத்தகத்தில் ஒரே ஒரு பிழைக்காக ஒரு மாதமாக மூக்கைத் தேய்த்துக்கொண்டு தேடுகிறவர் அவர்.

"என்ன வைத்தியரே, யோசனை?" என்றார் தீபேரியோ. "உங்க புத்தகத்த நீங்களே நம்பலன்னா எப்படி?"

படம் தப்பு. இரண்டே வார்த்தை. சொன்னால் பதினைந்து வருடமும் பதவியும் போகும், உயிர் மிஞ்சும்.

ஒர்தென்சியோ வாயைத் திறந்தார்.

கீரையைப் போட்டுக்கொண்டார்.

பக்கத்தில் இருந்தவர் ருசி பார்க்க முள்கரண்டியை நீட்டினார். ஒர்தென்சியோ தட்டைத் தன் பக்கம் இழுத்து முழங்கையால் மறைத்துக்கொண்டார். "எனக்கே போதாது," என்றார். மென்றார், விழுங்கினார், கடைசி எண்ணெயை ரொட்டியால் வழித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எவ்வளவு பெரிய அறிஞர், எவ்வளவு பெரிய தீனி.

அந்த ஒரு கணம் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எழுந்தபோது தள்ளாடினார். கால் சில்லென்று இருக்கிறது என்றார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள்.

நான் அடுக்களைக்குத் திரும்பினேன். நறுக்கின பலகையில் ஒரு கைப்பிடி இலை மிஞ்சியிருந்தது. வழித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

வினிகர் ஊற்றாமலே நன்றாக இருந்தது. கொல்லைப் பாத்தியில் நானே விதைத்த பார்ஸ்லி. ஓடைக்கரைப் பக்கம் நான் போகவே இல்லை.

வீட்டில் அவர் பாதிரியாரை வரவழைத்தாராம். உயில் எழுதினாராம். தீபேரியோவை மன்னித்துவிட்டதாகக்கூடச் சொன்னாராம். மறுநாள் நண்பகலில் பசித்ததும் அந்த மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நேராக எங்கள் அடுக்களைக்குத்தான் வந்தார். பின்னாலேயே எசமானி.

"சுவானா, படத்துல இருக்கற இலையத்தானே போட்ட?"

"பின்ன?" என்றார் எசமானி. "நானே படத்த விரிச்சு இவகிட்டக் காட்டினேனே. படத்துல உள்ளதத் தவிர வேற போட்டா மூட்டையக் கட்டிக்கோன்னு சொல்லித்தான் அனுப்பினேன்."

"ஆமாங்கய்யா," என்றேன்.

அவர் முகத்தில் வந்தது நிம்மதி இல்லை. வெற்றி.

"அப்ப நீ போன வாரம் சொன்னது?"

உண்மையை அங்கேயே சொல்லியிருக்கலாம். மூட்டை சின்னதுதான், கட்டியிருக்கலாம். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"நான் எழுத்துத் தெரியாதவ ஐயா," என்றேன்.

குத்தலாகத்தான் சொன்னேன். அவர் தலையாட்டி ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பதவி அவருக்கே கிடைத்தது. சில மாதங்களில் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பும் வந்தது. படம் மாறவில்லை. தண்டின் புள்ளிகளுக்கு இந்த முறை வண்ணம் தீட்டியிருந்தார்கள். அடியில் புதிதாக ஒரு வரி. எங்கள் வீட்டு விருந்து என்பதால் எசமானி அதைப் பெருமையோடு வாசித்துக் காட்டினார்:

'இப்படத்திலுள்ள கீரையை ஆசிரியரே பலர் முன்னிலையில் ஒரு தட்டு முழுக்க உண்டு, நலமுடன் இருக்கிறார்.'

எத்தனை பிரதி அச்சிட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன்.

ஆயிரத்து இருநூறாம்.