மார்லீன் பேசாத பாடம்

கனடாவின் வின்னிபெக் நகரப் பள்ளி ஒன்றில் மார்லீன் டீச்சரின் வகுப்பைப் பார்வையிட்ட தலைமையாசிரியை, மாலையில் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

“போன வருஷம் கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. இன்னைக்கு பின்னக் கணக்கைப் பலகையில எழுதிட்டு சும்மா நின்னீங்க. பசங்களே தங்களுக்குள்ள வாதாடி விடையைக் கண்டுபிடிச்சுட்டாங்க.”

மார்லீன் சிரித்தபடி தலையாட்டினாள்.

“பதில் சொல்ல நாக்கு துடிச்சிருக்குமே, எப்படி அடக்கினீங்க? வெள்ளிக்கிழமை மத்த டீச்சர்களுக்கும் சொல்லிக்கொடுங்க.”

மார்லீன் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினாள்.

“நேத்துலேர்ந்து தொண்டை கட்டி, குரலே வரல. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடும்னு டாக்டர் சொல்றார். அப்புறம் மறுபடியும் நானே பதில் சொல்லிடுவேனோன்னுதான் பயமா இருக்கு.”