டேப்பட் கேப்

“முதல்ல சட்டையைக் கழட்டுங்க தம்பி” என்றார் பெண்ணின் அப்பா.

பெண் கேட்டு வந்த இடத்தில் இப்படி ஒரு வரவேற்பைக் கேக் கடைக்காரன் எதிர்பார்க்கவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவர் நீட்டிய கிரீஸ் படிந்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே ஷெட்டுக்குள் போனான்.

உள்ளே அவருடைய அப்பா காலத்து டிராக்டர் நின்றது. இரண்டு சிலிண்டர், நாலு வால்வு. இன்ஜின் தலையில் இருந்த டேப்பட் கவரைக் கழற்றி, பெஞ்சில் தயாராகக் கவிழ்த்து வைத்திருந்தார்.

“டக் டக்னு ஒரே சத்தம். நாலு வால்வுக்கும் இடைவெளி, அதான் கேப், பார்த்து வெச்சுக் கொடுங்க. வண்டி ஓடட்டும், அப்புறம் கல்யாணப் பேச்சைப் பேசலாம். சாமான் எல்லாம் பாப்பா எடுத்துக் கொடுப்பா.”

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவனுக்குத் தெரிந்ததோ கேக். அவர் கேட்டதோ கேப். அவள் இல்லாத ஒரு வாழ்க்கையை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அவளோடு வாழும் வாழ்க்கையோ இப்போது இந்தத் துருப்பிடித்த இரும்பை நம்பி நின்றது.

“எதைத் திருகணும்?” என்று பக்கத்தில் வந்து நின்ற அவளிடம் கிசுகிசுத்தான்.

“எதையும் திருகாதே! முதல்ல இந்தச் சக்கரத்தைச் சுத்து. இந்த சிலிண்டரோட ரெண்டு வால்வும் மூடுற வரைக்கும்.” ஸ்பேனரை நீட்டும் சாக்கில் அவள் குனிந்தாள். நடக்கப் பழகியதே அந்த ஷெட்டில்தான் அவளுக்கு.

“என்னால ஆகுமா?”

“போன மாசம் அத்தை ஒருத்தரை மாப்பிள்ளைன்னு கூட்டிட்டு வந்தாங்க. மெக்கானிக். ‘கொஞ்சம் தள்ளி நில்லும்மா’ன்னு என்னை ஓரங்கட்டிட்டு, விசில் அடிச்சுக்கிட்டே நாலையும் வெச்சாரு. வண்டி அருமையா ஓடிச்சு. அப்பா வேணாம்னுட்டாரு.”

“மெக்கானிக்குக்கே அந்தக் கதின்னா நான் எந்த மூலைக்கு?”

“புலம்பாம வேலையைப் பாரு. இந்தா, இந்த மெல்லிசுத் தகட்டை வால்வுக்கும் அதைத் தட்டுற கைக்கும் நடுவுல விடு. மேல இருக்கற திருகைச் சுத்திக்கிட்டே தகட்டை இழுத்துப் பாரு. கேக்குலேர்ந்து கத்தியை உருவுவியே, அந்த மாதிரி லேசாப் பிடிச்சுக்கிட்டு வரணும்.”

அப்படிச் சொன்னதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. முதல் வால்வு கச்சிதமாக உட்கார்ந்தது. தலைக்கனமும் கூடவே வந்து உட்கார்ந்தது.

அவள் துணி எடுத்துவரப் போன சமயத்தில், சத்தம் வருவதற்கு இடமே இருக்கக்கூடாது என்று நாலு திருகையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். நட்டுகளையும் முடுக்கினான். “அவ்ளோதான்! இனிமே சத்தமே வராது!” என்றான், செய்தித்தாளுக்குக் கேட்கும்படி.

திரும்பி வந்தவள் தகட்டை நுழைத்துப் பார்த்தாள். அது நுழையவே இல்லை.

“சத்தம் வராது, வால்வு கருகும்” என்றாள் மெதுவாக. “சூடானா இரும்பு நீளும். அதுக்கு இடம் வேணாமா? எல்லாத்தையும் லூஸ் பண்ணு.”

“நாலையுமா?”

“நாலையும்.”

நகத்துக்கடியில் கருப்பு. முதுகெல்லாம் வியர்வை. முடிந்துவிட்டது என்று இப்போதுதான் பெருமையடித்திருக்கிறான். அந்தப் பக்கம் செய்தித்தாளில் வெகுநேரமாகப் பக்கமே புரளவில்லை. அவன் பெருமூச்சு விட்டுவிட்டு ஸ்பேனரைத் திரும்பக் கையில் எடுத்தான்.

“கேக் கருகினா வேற கேக் பண்ணிக்கலாம். இது கருகினா உங்கப்பா என்னைக் கருக்கிடுவாரு” என்றான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலு வால்வையும் முதலிலிருந்து வைத்தார்கள். நட்டை முடுக்கும்போது திருகும் கூடச் சுற்றப் பார்த்தது. “ஸ்க்ரூடிரைவரை விடாதே” என்றாள். அவன் விடவில்லை.

கவரை மாட்டியதும் அப்பா எழுந்து வந்தார். கைப்பிடியைச் செருகி ஒரு சுற்று சுற்றினார். டிராக்டர் ஒரு தும்மல் போட்டுவிட்டு, படபடவென்று சீராக ஓட ஆரம்பித்தது. காதைச் சாய்த்து நன்றாகக் கேட்டுவிட்டு அதை நிறுத்தினார்.

“பரவாயில்லையே! எங்க கத்துக்கிட்டீங்க தம்பி?”

சமாளி என்பது போல அவள் அவனுடைய காலை மிதித்தாள். அவனும் ஏதோ ஒரு பட்டறைப் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை.

“நான் எங்கயும் கத்துக்கல சார். எந்தப் பக்கம் திருகணும்னுகூட எனக்குத் தெரியாது. எல்லாம் உங்க பொண்ணு சொல்லச் சொல்லச் செஞ்சதுதான். நடுவுல நானா ஒண்ணு பண்ணேன், அதுவும் தப்பு.”

வந்த காரியம் கெட்டது என்று பழைய சட்டையின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அட, இருங்க! அந்தச் சத்தமே காலையில நானே திருகைக் கலைச்சு வெச்சதுதான்” என்றார் அப்பா. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “நான் பார்க்க நினைச்சது வால்வோட கேப்பை இல்ல மாப்பிள்ளை. இவ சொன்னா நீங்க கேப்பீங்களான்னு!”