குஞ்சு எழுதியது

கோழிக்குஞ்சு மண்ணில் கீறுவதும் எழுத்துதான் என்று மைனா ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி, பறவைகளின் ஆய்விதழுக்கு அனுப்பியது. பெயர் தெரிவிக்காத மதிப்பீட்டாளர் அதைத் திருப்பியனுப்பினார்: "வெறும் கிறுக்கல். பொருள் உண்டென்று காட்டாவிட்டால் நிராகரிக்கப்படும்."

வருஷக்கணக்கான உழைப்பாயிற்றே என்று மைனா பதறிக்கொண்டு குஞ்சிடம் பறந்தது. "என்ன கண்ணு எழுதியிருக்கே?"

"வேலியோரம் கல்லுக்கடியில கொழுத்த புழு இருக்குன்னு. உங்களுக்குப் படிக்கத் தெரியாதா அத்தை?"

மைனா அதை அப்படியே பதிலாக அனுப்பியது. மறுநாளே கட்டுரை ஏற்கப்பட்டது.

குஞ்சிடம் சொல்லலாமென்று சந்தோஷமாகப் போன மைனா வேலியோரம் நின்றுவிட்டது. அங்கே கல் புரண்டு கிடந்தது. பக்கத்தில் கொக்கு, அலகெல்லாம் மண்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்றது கொக்கு.

"வாங்க, வாங்க."

கொக்கு தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "அந்தக் குஞ்சு வேற ஏதாச்சும் எழுதியிருக்காம்மா?"