கறுப்புக் கட்டை

அவன் கையை உள்ளே விட்டுவிட்டான். இனி எதையாவது எடுத்தாக வேண்டும்.

மரப்பெட்டி. முன்பக்கம் மணிக்கட்டு நுழையும் அளவுக்கு ஒரு துளை. உள்ளே ஒரு தட்டில் வெள்ளை உருண்டைகளும் கறுப்புச் சதுரக் கட்டைகளும் கலந்து கிடக்கும். ஒன்றை எடுத்துப் பெட்டியின் பின்னறையில் போட வேண்டும். உருண்டை என்றால் ஆள் வரட்டும். கட்டை என்றால் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாது. விரல்தான் பார்க்க வேண்டும்.

இருபத்திரண்டு பேர். ஒரே ஒரு கட்டை விழுந்தாலும் கதை முடிந்தது. யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது. இந்த ஃப்ரீமேசன் லாட்ஜில், ஆண்கள் மட்டும் கூடும் இந்த ரகசியச் சங்கத்தில், அது சட்டம்.

வெளியே, கதவுக்கு அந்தப்புறம், புதுக் கோட்டில் தனபாலன் காத்திருக்கிறான். முப்பது வருட நண்பன். தனபாலனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முன்மொழிந்து கையெழுத்துப் போட்டதே அவன்தான்.

விரலில் ஒரு மூலை தட்டுப்பட்டது.

மூலைதானா?

பதினான்கு வருடச் சர்க்கரை. விரல் நுனிகள் மரத்துப்போய் இரண்டு வருடமாகிறது. அரை மணி முன்பு சட்டையின் கைப்பொத்தானைக்கூடத் தனபாலன்தான் போட்டுவிட்டான்.

"டேய், உள்ள கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடு. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன். உள்ள என்ன பண்ணுவீங்களோ, ஏது பண்ணுவீங்களோ."

மூலைதான்.

போட்டான்.

டென்னிஸ் கிளப்பில் தனபாலனைச் சேர்த்துவிட்டது அவன். மறு வருடமே தனபாலன் செயலாளர். குடியிருப்போர் சங்கத்துக்கு அழைத்துப்போனது அவன். இப்போது தலைவர் நாற்காலியில் தனபாலன். அவன் சொன்ன ஜோக்கையே அவனைவிட நன்றாகச் சொல்லி, அவன் மனைவியையே சிரிக்க வைப்பவன்.

அவனுக்கென்று மிச்சம் இருந்தது லாட்ஜுக்கு வரும் இந்த வியாழக்கிழமை ஒன்றுதான். என்னையும் சேர்த்துவிடேன் என்று தனபாலன் கேட்டபோது, முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

பெட்டி லாட்ஜ் தலைவர் ரங்கபாஷ்யத்தின் மேசைக்குப் போனது. அவர் பின்னறையைத் திறந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒரு கறுப்பு இருக்கு."

பெட்டியை மூடினார்.

"முதல் தடவை ஒண்ணே ஒண்ணு விழுந்தா, கை தவறியிருக்கும்னு எடுத்துக்கறது நம்ம வழக்கம். இன்னொரு தடவை போட்டுப் பாத்துடுவோம், சகோதரர்களே."

கை தவறி.

கதவுக்கு வெளியே சிரிப்புச் சத்தம். சம்பிரதாய வாளோடு வாசல் காக்கும் பெரியவரை இதற்குள் சிநேகம் பிடித்துவிட்டான் தனபாலன்.

போன மாதம் லாட்ஜிலிருந்து மூன்று பேர் தனபாலன் வீட்டுக்கு விசாரிக்கப் போனார்கள். மனைவியின் சம்மதத்தையும் கேட்பது வழக்கம். "லாட்ஜுன்னதும் பயந்தே போயிட்டேங்க" என்று காபி நீட்டினாள் அவள். அவனும் கூடப் போயிருந்தான்.

எதற்காகச் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள்.

"வியாழக்கிழமையானா இவன் என்னை விட்டுட்டு எங்கயோ போயிடறான் சார். எங்கன்னு பாக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

தனபாலன் மட்டும் சிரிக்கவில்லை. அது இப்போதுதான் உறைத்தது.

பெட்டி மறுபடி வந்தது.

அவசரமாகக் கையை விட்டான். துளையின் விளிம்பில் உரசிக் கைப்பொத்தான் கழன்றது. உருண்டை வேண்டும். ஒன்று அகப்பட்டது. கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே உருட்டினான். உருள்கிறதா? நகத்தால் சுரண்டினான். வழவழவென்று இருந்த மாதிரி இருந்தது. இருந்ததா, இருக்க வேண்டும் என்று நினைத்தானா? அதை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடினான். அதுவும் அப்படியே.

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

போட்டான்.

ரங்கபாஷ்யம் திறந்தார். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"ஒண்ணு."

ஒன்றா?

முதலில் விழுந்த கட்டை அவனுடையது. அப்படியானால் இது யாருடையது? ஒன்று விழுந்ததைப் பார்த்து வேறு யாருக்காவது தைரியம் வந்ததா? இல்லை, முதலில் விழுந்ததே வேறொருவர் போட்டதா? அப்போது அவன் மூலை என்று நினைத்தது மூலையே இல்லையா? அல்லது இரண்டு தடவையும் இதே விரல்தானா?

சுற்றிப் பார்த்தான். இருபத்தொரு முகம். ஒன்றில்கூட ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

முன்மொழிந்தவர்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

கதவு திறந்ததும் தனபாலன் எழுந்தான். அவன் முகத்தைப் பார்த்தான். கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாக அவிழ்த்தான்.

"யாருடா?"

"தெரியலடா."

சத்தியமான உண்மை. அதைச் சொல்லத்தான் நாக்கு கூசியது.

கழன்று தொங்கிய கைப்பொத்தான் தனபாலன் கண்ணில் பட்டது. கையை இழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டான். கையை விடவில்லை. பெட்டிக்குள் போய் வந்த அந்தச் சுட்டு விரல் நுனியில் தன் கட்டை விரல் நகத்தை வைத்து அழுத்தினான்.

"தெரியுதா?"

தெரியவில்லை என்று சொன்னால் போதும், கை தவறியது என்று ஆகிவிடும்.

நகம் வெளுத்தது. நுனியில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. அவன் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியுது" என்றான்.