பதினெட்டுக் கைநாட்டு

மருத்துவ அறநெறி ஆய்விதழின் அலுவலகத்தில் ஜன்னல் வெயில் மேசையின் பாதிவரை வந்து நிற்கிறது. அந்த வெயிலில் பதினெட்டு ஒப்புதல் படிவங்களைப் பரப்பி வைத்திருக்கிறார் ஆசிரியை. எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிகளிடம் முறையாகச் சம்மதம் வாங்குவது எப்படி என்பதுதான் கட்டுரை. அசல் படிவங்களைக் கண்ணால் பார்க்காமல் எதையும் அச்சேற்றுவதில்லை என்பது இந்த இதழின் பிடிவாதம். கட்டுரையை எழுதிய டாக்டர் எதிர் நாற்காலியில், வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி, இடது கையால் தேநீர்க் கோப்பையைத் தூக்குகிறார். ஆசிரியையின் பூதக்கண்ணாடி ஒவ்வொரு கைநாட்டாக நகர்கிறது. ஊதா ரேகைகளின் நடுவே, பழைய வெட்டுக்காயத் தழும்பைப் போல, குறுக்காக ஒரு வெள்ளைக் கீறல். அடுத்ததிலும் அதே கீறல். அதற்கடுத்ததிலும்.

“ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லலியா டாக்டர்?” “ஏழைங்க மேடம். நம்மள அவ்வளவு நம்புறாங்க.” அவருடைய சிரிப்பு உதட்டோடு நின்றுவிடுகிறது. “பாவம்” என்கிறார் ஆசிரியை. ஆசிரியை படிவங்களை அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சமன்செய்து, தன் பக்கமாக வைத்துக்கொள்கிறார். இழுப்பறையிலிருந்து ஸ்டாம்ப் பேடை எடுத்துத் திறந்து, வெயிலுக்குள் நகர்த்துகிறார். “இதெல்லாம் இங்கயே இருக்கட்டும். கொடுத்ததுக்கு அத்தாட்சியா இந்தத் தாள்ல ஒரு கைநாட்டு வச்சிட்டுப் போங்க.” “எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமே மேடம்.” “தெரியும் டாக்டர்” என்கிறார் ஆசிரியை, பூதக்கண்ணாடியைக் கீழே வைக்காமல். பைக்குள் போன கை வெளியே வருவதாக இல்லை.