முட்டி சொன்ன மழை

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால், எனக்கு மிச்சமிருக்கிற இரண்டு பற்களும் இந்த நிமிஷமே கழன்று விழட்டும். அன்று காலை 'ஓரிரு சார்' பதினோராவது தைலப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தையல்கடையை நோக்கி நடந்ததைத் தெருவே பார்த்தது.

"எவ்ளோ நல்ல மனசு! மாஸ்டரோட முட்டி வலிக்கு இவரு இப்படி உருகுறாரே" என்றாள் மாடி வீட்டுக்காரி.

சார் பணிவாகச் சிரித்தார். உள்ளே வயிறு பற்றி எரிந்துகொண்டிருந்தது.

வானிலை ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் விடிந்தவுடன் சுவரில் தொங்கும் காற்றழுத்தமானியைப் பார்ப்பார், மொட்டைமாடிக்குப் போய் வானத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார், இறங்கி வந்து நோட்டில் ஒரு வரி எழுதுவார். எழுத்தில் தயக்கமே இருக்காது.

வாயைத் திறந்தால்தான் வினை. "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும். பெய்யாமலும் இருக்கக்கூடும்" என்பார். துணி காயப் போடலாமா என்று கேட்ட பெண்கள் இதைக் கொடியிலா தொங்கவிட முடியும்? அவருக்குப் பெயர் வைத்ததோடு விட்டுவிட்டார்கள்.

தையல் மாஸ்டர் கடை போட்டு ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. காலை விந்தி விந்தி நடந்து வருவார், இடது காலை ஸ்டூலில் நீட்டி வைப்பார், வலது காலால் மிஷினை மிதித்துக்கொண்டே சொல்வார்:

"முட்டி விண்ணு விண்ணுங்குது. மூணு மணிக்கு மழை."

அவ்வளவுதான். நாற்பது கொடியில் துணி ஒரே மூச்சில் இறங்கும். மழையும் லேசுப்பட்டதல்ல, ஐந்து நிமிஷம் முன்னால் வந்துவிட்டால் தெருமுனையில் நின்று, மூன்று அடித்த பிறகுதான் உள்ளே நுழையும். கோடை போய்க் காற்று திசை மாறிய இந்த இரண்டு மாதத்தில் தொலைக்காட்சிக்காரர்கள்கூட ஏழு தடவை சறுக்கினார்கள். முட்டி சறுக்கவே இல்லை.

இதையாவது சார் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது சொந்த வீட்டில் நடந்தது. அவர் மனைவி தினமும் காலையில் அவருடைய மேஜையைத் துடைத்து அடுக்கிவிட்டு, ஏதாவது ஒரு சட்டையோடு தையல்கடைக்குக் கிளம்பிவிடுவாள்.

அன்றும் அதேதான்.

"இந்தப் பித்தானை வெச்சுட்டு, துணி காயப் போடலாமான்னு மாஸ்டர் முட்டியையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன்."

"ஏன், கட்டின புருஷன் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், கண்ணுக்குத் தெரியலையா?"

"சரி, நீங்களே சொல்லுங்க. மழை வருமா, வராதா?"

சார் நெஞ்சை நிமிர்த்தினார். "வர... வாய்ப்பிருக்கு. ஆனா ஓரிரு..."

"நான் முட்டிகிட்டயே போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

முட்டி குணமானால் மாஸ்டரின் ஜோசியம் படுத்துவிடும் என்பதுதான் சாரின் கணக்கு. அதற்காகவே பத்துப் புட்டி தைலத்தை மனைவி கையில் கொடுத்தனுப்பியிருந்தார். "நல்லா கேக்குதாம்" என்பாள் அவள். மறுநாளே முட்டி மழை சொல்லும்.

இன்று கடைசி. மனைவி திரும்பியதும் தானே கிளம்பினார். இதற்கும் அந்த முட்டி மசியாவிட்டால் காற்றழுத்தமானி பழைய இரும்புக் கடைக்கு, நோட்டு அடுப்புக்கு. முப்பத்தாறு வருஷத்துக்கும் சேர்த்து ஒரு முழுக்கு.

கடை வாசலில் மாஸ்டரின் செருப்புகள் கிடந்தன. வலது செருப்பு அப்பளமாகத் தேய்ந்திருந்தது. இடது நேற்று வாங்கியது போலப் பளபளத்தது. 'இந்த ஆளுக்குச் செருப்புகூடப் பாதிதான் தேயுது' என்று அதற்கும் ஒரு முறை பொருமிவிட்டு சார் உள்ளே போனார்.

"காலைக் காட்டுங்க மாஸ்டர். இன்னிக்கு நானே தேய்ச்சு விடுறேன்."

"ஐயோ, வேணாம் சார்! நீங்க போய் என் காலை... அக்கா குடுத்த புட்டியே அப்படியே இருக்கு."

இருந்தது. நூல்கண்டுகளுக்குப் பின்னால் பத்தும் மூடி திறக்காமல் வரிசையாக நின்றன. சாருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"தேய்ச்சாத்தானய்யா குணமாகும்! வலியை வெச்சுப் பொழைக்கலாம்னு பாக்குறீங்களா? நீட்டுங்க காலை!" என்று புட்டியின் மூடியைத் திருகித் திறந்தார்.

"வேணாம் சார், கூசும்..."

"இதோ பாருங்க. இன்னிக்கும் உங்க முட்டி ஜெயிச்சா, மத்தியானமே என் காத்தழுத்தமானியைப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். நோட்டைக் கொளுத்திடுவேன். இந்தத் தெருவுக்கு உங்க முட்டி ஒண்ணே போதும்."

மாஸ்டர் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

"சார், சார், என் பொழைப்புல மண்ணைப் போட்டுடாதீங்க! அந்த மானி மட்டும் இருக்கட்டும் சார்!"

தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு கால்சட்டையின் இடது பக்கத்தைத் தொடைவரை சுருட்டிவிட்டார். இழைத்து வார்னிஷ் அடித்த நல்ல தேக்கு. முட்டி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு திருகாணிகள்.

தைலம் தரையில் சொட்டுவதுகூடத் தெரியாமல் சார் நின்றார்.

"அப்ப... இத்தனை நாளா வலிச்சது?"

"வலிக்குதா இல்லையான்னு தினம் காலைல உங்க நோட்டைப் பாத்துட்டு அக்காதான் சார் வந்து சொல்லுவாங்க."